செல்வம் என்றால் என்ன: பர்மாவில் செட்டியார் கடைகளின் கணக்கை வைத்து ஒரு பதில்

“செல்வம் என்பது உண்மையில் என்ன? சிலரிடம் அது குவிவதால் சமூகத்துக்கு நன்மையா, கெடுதலா?” என்பது கேள்வி. பொதுப்படையாகப் பேசினால் இதற்கு முடிவே இல்லை. அதனால் கணக்கு வழக்கோடு பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகள். 1930ஐ ஒட்டி அங்கே அவர்கள் போட்டிருந்த பணம் 65 கோடி முதல் 75 கோடி ரூபாய் வரை இருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. ஏறக்குறைய 1,650 கடைகள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதில் பெரும்பகுதி இல்லாமல் போனது. யாரும் திருடவில்லை, எதுவும் எரிந்து சாம்பலாகவில்லை. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் போனது எது என்று பார்த்தால், செல்வம் எது என்பது தெரிந்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வம் என்பது மற்றவர்கள் மேல் ஒருவருக்கு இருக்கும் பாத்தியதை, அதாவது கேட்டுப் பெறும் உரிமை. நாளை அவர்கள் உழைப்பாகவோ நெல்லாகவோ வாடகையாகவோ எனக்கு ஒன்றைத் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பு, அதற்குச் சட்டமும் ஊரும் கொடுக்கும் ஒப்புதல், இரண்டும் சேர்ந்ததுதான் அது. தங்கமும் வீடும்கூட இதற்குள் அடங்கும்: வாங்க ஆள் இருக்கிறவரைதான் அவற்றுக்கு விலை.

இனி பர்மா. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபோது ஐராவதி முகத்துவாரத்தின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதி பெருகியது. காடு வெட்டி, எருமை வாங்கி, முதல் அறுவடை வரும்வரை குடும்பத்துக்குச் சோறு போட உழவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தன. சேற்றில் நிற்கும் உழவனுக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார் கடை வந்தது. இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை அனுபவித்து வரி கட்டியவருக்கு அதன் மேல் விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை உண்டு என்று 1876ஆம் ஆண்டின் நிலவரிச் சட்டம் சொன்னது. அடமானம் வைக்க முடிந்ததால்தான் பெரிய அளவில் கடன் பாய்ந்தது. இதே ஏற்பாடுதான் பின்னால் காலை வாரியது.

ஒரு கடையின் ஐந்தொகையைப் பிரித்துப் பார்ப்போம். ஐந்தொகை என்பது இன்று நாம் சொல்லும் பேலன்ஸ் ஷீட். பணம் வந்த வழியில் முதலில் நிற்பது முதல் பணம்: உரிமையாளரும் பங்காளிகளும் போட்டது. அடுத்தது மேல் பணம்: பிறர் போட்டு வைத்தது. மேல் பணத்துக்குள் பல வகை. மற்ற நகரத்தார் கடைகள் போட்டது ஒன்று. கோயில் பணம் ஒன்று. ஆச்சிமார் பணம் என்று தனியாக ஒன்று உண்டு. பெண்கள் சீதனமாகக் கொண்டுவந்து கடையில் வட்டிக்கு விட்டது. செட்டிநாட்டில் ஒரு பெண் பிறந்தவுடன் ஒதுக்கிய தொகை ரங்கூனிலோ மௌல்மேனிலோ வட்டி சேர்த்துக்கொண்டு, அவள் கல்யாணத்துக்குப் பயன்படும். இன்னொரு பக்கம் பணம் போன வழி: உழவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொடுத்த கடன், மற்ற கடைகளில் போட்டது, கையிருப்பு. பர்மாவில் செட்டியார்கள் கொடுத்த கடனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன்.

கையிருப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். பெட்டியில் தூங்குகிற ரூபாய்க்கு வட்டி கிடையாது. ஒரு கடையில் திடீரென்று பணம் தேவைப்பட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்ளலாம். பெரிய கடைகள் அடத்திக் கடையாக இருந்து சின்னக் கடைகளுக்குப் பணம் கொடுத்தன. பெரிய கடைகளுக்கு இம்பீரியல் வங்கி போன்றவை கொடுத்தன. கடைகளுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை ரங்கூன் முகல் தெருவில் உள்ள செட்டியார் கோயிலில் மாதாமாதம் கூடி முடிவு செய்தார்கள். தவணைக்குப் போட்டால் நடப்பை விடக் கொஞ்சம் கூடுதல். தவணை முடிந்ததும் வட்டி முதலோடு சேரும். ஊருக்கும் ரங்கூனுக்கும் இடையே பணத்தைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எழுதினால் போதும், தாளைக் காட்டியதும் எதிர்க்கடை பணம் கொடுக்கும். அந்தத் தாளை நம்பிப் பணம் எண்ணிக் கொடுக்கிற பழக்கம்தான் அவர்களுடைய உண்மையான மூலதனம் என்பது என் எண்ணம். அதை எந்தப் பேரேட்டிலும் எழுதிவைக்க முடியாது.

கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். மூன்று வருடக் கணக்குக்கு ஏஜெண்டு போவார். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும், இலாபத்தில் பங்கும் உண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆகி, சேர்த்த பணத்தில் சொந்தக் கடை வைக்கலாம். மூன்று வருடம் முடிந்ததும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கணக்கில் ஏமாற்றினால் வழக்கு மன்றம்வரை போகத் தேவையில்லை. அவர் வீட்டில் யாரும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்கள். கல்யாண உறவே ஜாமீனாக இருந்த அமைப்பு இது. சாதிக்குள் நம்பிக்கையை வளர்த்தது இதுதான். வெளியாள் முதலாளியாக உள்ளே வர முடியாமல் செய்ததும் இதுதான்.

இப்போது ஒரு கடனின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உழவர் ஒருவர் நடவுக்கு 600 ரூபாய் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றே கால் ரூபாய், அதாவது வருடத்துக்கு 15 சதவீதம். நல்ல நிலத்தை அடமானம் வைத்தவருக்கு இந்த அளவில் கிடைத்தது. பிடிமானம் இல்லாதவருக்கு இதைப்போல் இரு மடங்குக்கும் மேலே போனதுண்டு. ஆறு மாதத்தில் வட்டி 45, ஆகமொத்தம் 645. வீட்டுக்கும் விதைக்கும் போக விற்பதற்கு 500 கூடை நெல் மிஞ்சுகிறது. நூறு கூடை 150 ரூபாய் என்றால் 750 வரும்; கடன் போக 105 கையில் நிற்கும். நூறு கூடை 75 ஆகிவிட்டால்? வருவது 375. நெல்லை முழுவதும் கொடுத்தாலும் 270 ரூபாய் பாக்கி. அடுத்த நடவுக்கு மறுபடி 600 வேண்டும், அதோடு பழைய பாக்கியும் வட்டியும். இரண்டு போகம் இப்படிப் போனால் அந்தக் கடன் திரும்பவே திரும்பாது.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது 1930, 31இல் நெல் விலை ஏறக்குறைய இப்படித்தான் பாதியாகச் சரிந்தது. ஒரே ஊரில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் கடை தாங்கிக்கொள்ளும். எல்லா ஊரிலும் ஒரே போகத்தில் நேர்ந்தால் தாங்காது. கடன்களைப் பல நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோமே என்ற தைரியம் அங்கே உதவவில்லை. எல்லோரும் ஒரே பயிரை ஒரே சந்தையில் விற்றவர்கள். தலைகளை எண்ணினால் ஆபத்து பரவலாகத் தெரியும், வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒற்றைக் காலில் நின்றது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். வங்கிகள் கடைகளுக்குக் கொடுப்பதைச் சுருக்கின. மேல் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உழவரிடம் ரூபாய் இல்லை, நிலம்தான் இருந்தது. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. அதை வைத்துக்கொண்டு வட்டித்தொழில் நடத்த முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விற்றுவிடலாம் என்றால் வாங்க யாரிடமும் பணம் இல்லை. கடனுக்கு ஈடாக நிலம் கடையின் பேருக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர், மொத்தச் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1937இல் சுமார் 24,46,000 ஏக்கர், 25 சதவீதம்.

பேரேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது செல்வம் பெருகியதுபோல் தோன்றும். நான்கு மடங்கு நிலம் அல்லவா! உண்மையில் ரூபாயாகத் திரும்பவேண்டிய பாத்தியதை, குத்தகையாகச் சொட்டுச் சொட்டாக வரும் பாத்தியதையாக மாறிவிட்டது. அதே சமயம் கடைகள் ஆச்சிமாருக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் தரவேண்டியது ரூபாயாகவே நின்றது. தரவேண்டியது உடனே, வரவேண்டியது எப்போதோ. நிலத்துக்கு வரியும் கட்டவேண்டும். காகிதத்தில் சொத்து அதிகமாக இருந்தும் கடைகள் தவணை தவறியது இதனால்தான். இன்றும் வீட்டுமனை வியாபாரம் செய்கிறவர்கள் விழுவது பெரும்பாலும் இதே பள்ளத்தில்தான்.

மற்ற பாதிப்பு பணத்தில் அளக்க முடியாதது. கடன் கொடுத்தவராக இருந்தவரை செட்டியார் ஊரின் ஓரத்தில் இருந்தார். அவரால் பயனும் இருந்தது. நிலக்காரர் ஆனதும், தன் அப்பா காடு வெட்டித் திருத்திய வயலில் உழவர் குத்தகைக்கு நின்றார். குத்தகை போய்ச் சேருவது கடல் தாண்டி ஒரு ஊருக்கு. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது. 1938இல் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள். அடுத்தடுத்துக் குத்தகைச் சட்டம், நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் கொண்டுவந்தது. இழப்பீடு என்று வந்தது சொல்லும்படி இல்லை. பத்திரங்கள் மட்டும் செட்டிநாட்டு வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் இருந்தன. அவற்றில் எழுதியிருந்தது செல்லும் என்று ஒப்புக்கொள்ள அந்த நாட்டில் ஆள் இல்லாமல் போனது.

கொடுமைக்கார வட்டிக்காரர்கள் என்ற ஒற்றை வரியோடு இதை மூடிவிடுவது சரியாக இராது. செட்டியாரின் வட்டி உள்ளூர் பர்மிய வட்டிக்காரரின் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. அந்த உள்ளூர்க்காரர்களில் பலர் செட்டியாரிடமே வாங்கிக் கூடுதல் வைத்துக் கொடுத்தவர்கள். உலகின் முதன்மை அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா ஆனதில் இந்தப் பணத்தின் பங்கு மிகப் பெரியது. ஆனால் விலை சரிவின் முழுச் சுமையும் உழவரின் தலையில் விழும்படி ஒப்பந்தம் இருந்தது என்பதும் உண்மை. நெல் விலையோடு கடனும் குறையும் ஏற்பாடு எதுவும் இல்லை. செல்வம் சமூகத்துக்கு நல்லதா என்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: நட்டம் வரும் வருடத்தில் அதை யார் சுமக்கிறார்கள்? இலாபத்தில் பங்கு எடுத்துக்கொண்டு நட்டத்தில் நிலத்தை எடுத்துக்கொள்ளும் செல்வத்தை மக்கள் வெகுநாள் பொறுத்துக்கொள்வதில்லை.

இனி செலவுப் பக்கம். நகரத்தார் கணக்கில் மகமை என்று ஒரு தலைப்பு உண்டு. தர்மத்துக்கான பங்கு. வருடக் கடைசியில் இலாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கொடுக்கல் வாங்கல் நடக்கும்போதே ஒரு சிறு தொகையை மகமைப் பேரில் வரவு வைத்துவிடுவார்கள். அதனால் அது மனம் போன போக்கில் கூடிக் குறையாது; முதலாளியே எடுத்தாலும் பற்று எழுத வேண்டும். ஊரில் வசூலுக்கு வேறு முறை. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளி வரி எல்லோருக்கும் சமம். ஆஸ்தி வரி வசதிக்கு ஏற்ப. ஏழைப் புள்ளிக்கும் கோயில் கூட்டத்தில் இடம் உண்டு, பணக்காரப் புள்ளி கூடக் கொடுக்கவும் வேண்டும். ஒரு சிறு சமூகம் வரிவிதிப்பின் இரண்டு நியாயங்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அந்தப் பணம் இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களுக்கும், சத்திரங்களுக்கும், ஊருணிகளுக்கும் போனது. இருபதாம் நூற்றாண்டில் போக்கு மாறியது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்தது, எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவியது. 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக அவர் 15 இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறப்பு விழா.

பர்மாவில் வந்த வட்டியில் ஒரு பங்கு மாளிகையானது. ஒரு பங்கு நிறுவனமானது. கானாடுகாத்தான் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வருமானம் நின்றபின் அந்த வீடு சொத்தாக இல்லாமல் செலவாக மாறியது. இரண்டு தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். பல வீடுகளை இடித்துக் கதவு, தூண், பீங்கான் என்று பிரித்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றார்கள். நிறுவனமான பங்கு இன்னும் வேலை செய்கிறது, கொடுத்தவரின் சாதிக்கு வெளியே இருப்பவர்களுக்கும். ஆனால் ஒரு நெருடல்: இந்தக் கல்லூரிகளின் வேர்ப்பணத்தில் ஐராவதி உழவர் கட்டிய வட்டியும் இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் அதில் படிக்கவில்லை. செல்வம் சமூகத்துக்குத் திரும்புகிறது என்று சொல்லும்போது எந்தச் சமூகத்துக்கு என்று கேட்டே ஆகவேண்டும்.

கேட்டவருக்கு நடைமுறையிலும் ஏதாவது பயன்படவேண்டும் என்பதால், இதே ஐந்தொகையை ஒரு குடும்பத்துக்கு எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். ஒரு தாளில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எதிரே மூன்று கேள்வி: இதைப் பணமாக்க எத்தனை நாள் ஆகும், யார் கொடுக்கவேண்டும், அவர் மறுத்தால் என்ன வழி. பிறகு கடன்களை, என்று கட்டவேண்டும் என்ற தேதியோடு.

தங்கம் ஒரே நாளில் பணமாகும். ஆனால் வாங்கிய விலையில் எழுதக்கூடாது. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எதுவும் திரும்பாது, கல்லின் எடையைக் கழிப்பார்கள். 22 காரட் நகையில் தங்கம் 91.6 சதவீதம் மட்டுமே. வங்கி வைப்பு பாதுகாப்பானதுதான், அதற்கும் எல்லை உண்டு: 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய்வரைதான் காப்பீடு. நிலத்தை எழுதும்போது வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் சேர்த்துப் பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தமும் பங்காளித் தகராறும் வில்லங்கச் சான்றில் தெரியாது. அக்கம்பக்கத்தில் கேட்கும் விலையை எழுதாமல், பத்திரப்பதிவான விலையை எழுதுங்கள்.

கைமாற்றாகக் கொடுத்ததில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் ஒரு பகுதியைக் கட்டி அதைத் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ தரவேண்டும், அல்லது கடன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அப்படி இருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். இல்லையென்றால் நீதிமன்றம் போனாலும் பயன் இல்லை. உங்கள் தாளில் அந்தக் கடனை எழுதிய வரியை அடித்துவிடலாம். நாமினி பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்பதும் தவறான எண்ணம். வங்கி அவரிடம் பணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கோ உயிலில் பெயர் உள்ளவருக்கோ.

எல்லாவற்றையும் எழுதியபின் ஒரு மாதத்துக்குள் பணமாகக்கூடியதை மட்டும் கூட்டி, ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய கடனோடு ஒப்பிடுங்கள். முன்னது குறைவாக இருந்தால், மொத்தச் சொத்து கோடியைத் தாண்டினாலும் நிலைமை 1931இன் ரங்கூன் கடைபோலத்தான். அப்போது புது மனைக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி, வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கவேண்டும். வருமானம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்பதையும் அந்தத் தாளிலேயே ஓரத்தில் குறித்துவையுங்கள்: சம்பளம், அந்த நிறுவனத்தின் பங்கு, அந்த நிறுவனத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு விட்ட வீடு, மூன்றும் ஒரே நாளில் படுத்துவிடும்.